அப்பா கொடுத்த பேனாக்கத்தி, இனி மகளுக்கு

கேள்வி: எனக்குப் பத்து வயதானபோது அப்பா ஒரு பேனாக்கத்தி கொடுத்தார். தாத்தா கொழும்பில் கடை வேலையில் இருந்த காலத்தில் வாங்கியதாம். திறந்தால் ‘டக்’கென்று வந்து நிற்கும் சத்தமும், அப்பா கூடவே உட்கார்ந்து மாங்காய் நறுக்கக் கற்றுக்கொடுத்ததும் இன்னும் நினைவில் இருக்கிறது. போன மாதம் வீட்டை ஒழிக்கும்போது டிரங்குப் பெட்டியில் அந்தக் கத்தி கிடைத்தது. இரண்டு அலகு. பெரியது மந்தமாகத் திறக்கிறது, அந்த ‘டக்’ இல்லை. சின்னது அசையவே இல்லை. துரு ஏறியிருக்கிறது. அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும் போல ஒரு முத்திரை. பிடி கறுப்புக் கொம்பு. இதைப் புதிது போல ஆக்கி, மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? இந்த வயதில் பிள்ளை கையில் கொடுக்கலாமா? கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று அம்மா வேறு தடுக்கிறார்.

— வாசகர், திருநெல்வேலி

பதில்: சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். புதிது போல ஆக்கவும் வேண்டாம். பழைய பேனாக்கத்திகளில் பல, துருவை எடுக்கப் போன இடத்தில்தான் வீணாகின்றன. உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் கத்தி நன்றாகவே இருக்கிறது. பளபளப்பு போனால் போகட்டும். அந்த ‘டக்’ திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகு நெடுக ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. அலகின் அடிப்பகுதி ரிவெட் என்னும் ஆணியில் சுழல்கிறது. அலகு பாதி திறந்திருக்கும்போது அந்த அடிப்பகுதி ஸ்பிரிங்கை மேலே தள்ளி வைத்திருக்கும். முழுதாகத் திறந்ததும் அதன் தட்டையான பக்கத்தின் மேல் ஸ்பிரிங் வந்து அறையும். அதுதான் சத்தம். இடையில் பழைய எண்ணெய்ப் பிசின், பையில் இருந்த பஞ்சு, மணல், துருத்தூள் எது சேர்ந்தாலும் ஸ்பிரிங் வேகமாக விழாது. உங்கள் பெரிய அலகு மந்தமாக வருவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அலகு மந்தமாக வராது, தொங்கும்.

முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். 1682இல் பதிவானது. முத்திரையோடு கிரீடமும் ‘வி.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் விக்டோரியா ராணி காலத்தது, அதாவது 1901க்கு முந்தியது. ‘ஜி.ஆர்.’ என்றால் ஜார்ஜ் மன்னர்கள் காலம்; உங்கள் தாத்தாவின் காலத்தைப் பார்த்தால் 1910க்கும் 1952க்கும் இடையில் இருக்கும். பெயருக்கு மதிப்பு இருந்ததால் போலி முத்திரைகளும் உண்டு. அசலோ போலியோ, உப்புத்தாளை வைத்து அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் பிறகு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அதனால் வேலையைத் தொடங்கும் முன் அலகின் இரண்டு பக்கத்தையும் வெயில் சாய்வாக விழும்படி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சின்ன வயதில் பிடியில் ஏதாவது கீறியிருந்தாலோ, முனை நெளிந்திருந்தாலோ அதுவும் அந்தப் படத்தில் வரட்டும்.

இனி அசையாத அலகு. இதற்குப் பொறுமை மட்டும்தான் மருந்து. தையல் மெஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 போதும். அலகு மடங்கி உட்காரும் பள்ளம் மேலே பார்க்கும்படி கத்தியை வைத்து, ரிவெட்டின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சொட்டு, ஸ்பிரிங்குக்கும் பிடியின் உட்பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு விடுங்கள். செய்தித்தாளில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். மூன்று நாள் இப்படியே. ஒவ்வொரு நாளும் திருப்புளியின் மரப்பிடியால் ரிவெட் இருக்கும் உலோகத் தோள் பகுதியை மெல்லப் பத்துத் தட்டு தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். கத்தியை முழுதாக எண்ணெயில் ஊறப் போடாதீர்கள். கொம்பு கெட்டுப்போகலாம். சுடுதண்ணீர், ஹேர் டிரையர் சூடு இரண்டிலும் கொம்பு வளைந்துகொள்ளும்.

நான்காம் நாள் திறந்து பாருங்கள். இடுக்கியால் அலகைப் பிடித்து இழுக்கக் கூடாது. நகம் வைக்கும் பள்ளம் அலகின் பலவீனமான இடங்களில் ஒன்று, அங்கே உடையக்கூடும். பழைய ஏ.டி.எம். அட்டையின் மூலையைப் பள்ளத்தில் கொடுத்து நெம்புங்கள். கொஞ்சம் எழும்பியதும், விரலுக்கு ஒரு தோல் துண்டு வைத்து அலகின் முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பினால் அதோடு நிறுத்தி, திரும்ப மூடி, இன்னொரு சொட்டு விடுங்கள். மறுபடி எழுப்புங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக வரும். ஒரே மூச்சில் திறக்க நினைத்தால் அலகு முறியும், அல்லது ரிவெட் வளையும்.

இரண்டு அலகும் அசையத் தொடங்கியதும் அழுக்கு வெளியேற வேண்டும். எண்ணெய் விட்டு இருபது முறை திறந்து மூடினால் ரிவெட் ஓரத்தில் செங்கறுப்பாக ஒரு சேறு கசியும். துடையுங்கள். திரும்ப எண்ணெய். கசிவது தெளிந்த எண்ணெயாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். ஐந்தாறு தடவை ஆகலாம். அலகு உட்காரும் பள்ளத்தின் அடியில் இறுகிக் கிடக்கும் அழுக்குக்கு ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி கிடையாது. பித்தளையில் பச்சையாகக் களிம்பு இருந்தாலும் ஈர்க்குச்சியால் சுரண்டுங்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். வெளியே பித்தளை மின்னும், உள்ளே ரிவெட்டில் தங்கிய புளிப்பு ஸ்பிரிங்கைத் தின்னும். ஸ்பிரிங்கில் துருக்குழி விழுந்தால் ஒருநாள் அங்கேயே ஒடியும், அதற்கு மாற்று கிடைக்காது.

மண்ணெண்ணெய் பட்ட கத்தி பழம் நறுக்கப் போகிறது என்பதால் கடைசியில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் பிரஷ் கொண்டு ஒரு நிமிடத்துக்குள் கழுவி, உடனே துடைத்து, ஃபேனுக்கு அடியில் திறந்தபடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ரிவெட்டுக்கு ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்பார்களே, அதேதான். வாயில் போனாலும் கெடுதல் இல்லை, காலப்போக்கில் பிசினாகவும் ஆகாது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடந்தால் கெட்டுப் பிசுபிசுக்கும். உங்கள் கத்தி இறுகிக் கிடந்ததற்கும் யாரோ நல்லெண்ணத்தில் விட்ட சமையல் எண்ணெய் காரணமாக இருந்திருக்கலாம்.

துருவில் இரண்டு வகை. சிவப்பாகத் தூள் தூளாக வருவதை எடுக்க வேண்டும். கறுப்பாக, சாம்பல் நிறமாக அலகோடு படிந்திருப்பதை விட்டுவிட வேண்டும். பழைய ஷெஃபீல்டு அலகுகள் பெரும்பாலும் சாதாரண கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகு 1913இல் அதே ஊரில்தான் ஹாரி பிரியர்லி கையில் உருவானது. பேனாக்கத்திகளுக்கு அது பரவலாக வந்தது அதற்கும் பிறகு. கார்பன் எஃகுக்கு அந்தக் கறுப்புப் படலமே காவல். சிவப்புத் துருவுக்கு 0000 என்று எண் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் உல்லை (எஃகு இழைப் பஞ்சை)ப் பாரஃபினில் நனைத்து, அலகின் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் பளிச்சென்று தெரியும். முத்திரைக்கு மேல் விரலால் எண்ணெய் தடவித் துடைப்பதோடு சரி. துருவை எடுத்த இடத்தில் சின்னச் சின்னக் குழி தெரியும். அது போகாது, போக வைக்கவும் வேண்டாம்.

சாணைக்காரரை ஏன் வேண்டாம் என்றேன்? அவர் தொழிலில் குறை இல்லை. அரிவாளுக்கும் அடுப்படிக் கத்திக்கும் அவர்தான் சரி. ஆனால் பேனாக்கத்தியின் வாய், அதாவது வெட்டும் ஓரம், காகிதம் போல மெலிசு. சுழலும் கல்லில் ஓரிரு நொடி நின்றாலே அது சூடேறிவிடும். அலகு மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறினால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் இரண்டு நாள்கூட நிற்காது.

வீட்டிலேயே தீட்டலாம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ் என்று வரும் கார்போரண்டம் கல் ஒன்று போதும். கல்லில் எண்ணெயோ தண்ணீரோ விட்டுக்கொள்ளுங்கள். அலகு அகலம் 12 மில்லிமீட்டர் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 4 மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது சுமார் 20 டிகிரி. சின்ன அலகு 8 மில்லிமீட்டர் இருந்தால் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. கோணம் சரியா என்று பார்க்க வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புத் தீட்டி, இரண்டு இழு இழுத்துப் பாருங்கள். மை வாயின் விளிம்பிலிருந்து மறைந்திருந்தால் சரி. மேலே மட்டும் மறைந்து விளிம்பில் நின்றால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தால் மறு பக்கத்தில் கம்பி போல ஒரு பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல வெளிப்பக்கமாக இழுத்தால் அது தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை பிசிறு எழுந்த பிறகுதான் அலகைத் திருப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் பிசிறு வரும் முன்பே திருப்பிவிடுகிறார்கள்; அரை மணி நேரம் தேய்த்தும் கூர் வரவில்லை என்று அலுத்துக்கொள்வது அதனால்தான். கடைசியில் நைஸ் பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறி எடையே போடாமல் பத்து இழு. பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி இருபது தடவை. செய்தித்தாளின் ஓரத்தைச் சரசரவென்று அறுத்தால் போதும்.

பிள்ளைக்குத்தானே, கொஞ்சம் மொண்ணையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மொண்ணைக் கத்திக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். அழுத்திய கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மகளிடம் கொடுக்கும் முன் கத்திக்குச் சில சோதனைகள். முழுதாகத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. கடகடவென்று ஆடினால் ரிவெட் தளர்ந்திருக்கிறது. அதை வீட்டில் சுத்தியலால் தட்டி இறுக்கப் பார்த்தால் கொம்பு விரியும். நகை வேலையோ நுண்ணிய உலோக வேலையோ தெரிந்தவரிடம் கொடுங்கள். அலகைப் பாதி திறந்து கையை எடுங்கள்: ஆடாமல் அப்படியே நிற்க வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. அடுத்து மூடிப் பாருங்கள். முனை பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பையில் கை விடும்போது குத்தும், அதைச் சரிசெய்யாமல் கொடுக்கக் கூடாது. மூடும்போது ‘டப்’பென்று விட்டுவிடாமல் விரலால் தாங்கி உட்கார வைக்கப் பழக்குங்கள். தேய்ந்த கத்திகளில் அலகின் வாய் ஸ்பிரிங்கில் மோதி நடுவில் ஒரு பல் விழும்.

பத்து வயதில் கொடுக்கலாமா என்றால், நான் வயதைவிட அவள் விரலைத்தான் பார்ப்பேன். இந்த ஸ்பிரிங் பெரியவர்கள் கட்டைவிரலுக்காக வைத்தது. நகப்பள்ளத்தில் நகம் வைத்து, யாரும் உதவாமல், கை நடுங்காமல் அவளால் ஐந்து முறை திறந்து ஐந்து முறை மூட முடிகிறதா? முடிந்தால் இந்தக் கத்தியைக் கொடுங்கள். நீங்கள் திறந்து கொடுத்தால்தான் ஆகும் என்றால் இது அவளுக்கு இன்னும் பெரிது. அப்போது பிரான்சின் ஓபினெல் நிறுவனம் குழந்தைகளுக்கென்றே செய்யும் 7ஆம் எண் கத்தி நல்ல தொடக்கம்: முனை உருண்டை, அலகு 8 சென்டிமீட்டர், திறந்தபின் கழுத்து வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸும் முனை மழுங்கிய சிறுவர் கத்தி செய்கிறது. தாத்தா கத்தியை அவள் பெயர் எழுதி அலமாரியில் வைத்து, நகம் வலுத்ததும் கொடுக்கலாம்.

இதையே கொடுப்பதானால் முதல் சில மாதம் சின்ன அலகு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தர வேண்டியவற்றில் இரண்டு விஷயம் மற்றெல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்று, இந்தக் கத்தியால் எதையும் குத்தக் கூடாது. பூட்டு இல்லாததால் முனையை அழுத்தினால் அலகு மடங்கி விரல்மேல் விழும். தேங்காய்க் கண், டப்பா மூடி, பந்து, பிளாஸ்டிக் பாட்டில் மூடி: பிள்ளைகள் குத்திப் பார்க்க நினைப்பது இவைதான், பெயர் சொல்லியே தடுத்துவிடுங்கள். இரண்டாவது, மூடும் முறை. இடது கையில் பிடி. நான்கு விரலும் பிடியின் பக்கத்தில், எதுவும் பள்ளத்தின் குறுக்கே வரக்கூடாது. வலது உள்ளங்கையை அலகின் முதுகில் வைத்துத் தள்ள வேண்டும். திறந்த கத்தியை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கவே கூடாது. மூடி, தரையிலோ மேசையிலோ வைத்து, மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். வெட்ட உட்காரும் முன் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். யார்மேலாவது பட்டால் இடம் மாற வேண்டும்.

முதல் பாடத்துக்கு மாங்காயைவிடப் பென்சில் நல்லது. மாங்காய் உருளும், சாறு பட்டுக் கை வழுக்கும். பென்சிலை இடது கையில் முனை வெளியே பார்க்கப் பிடித்து, முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே அலகைச் சாய்த்து வைக்கட்டும். கத்தி பிடித்த வலது கை நகரவே கூடாது. இடது கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்து, அந்த விரல்தான் மெல்லத் தள்ள வேண்டும். ஒரு தள்ளலுக்கு ஒரு சுருள். பென்சிலை ஒரு பட்டை திருப்பி அடுத்தது. ஆறு பட்டைக்கும் இப்படியே. சுருள் தடிமனாக வந்தால் அலகு நிமிர்ந்துவிட்டது, இன்னும் படுக்க வைக்க வேண்டும். ஒரு தள்ளலுக்கு அலகு ஒரு சென்டிமீட்டர்கூட ஓடாததால் வழுக்கி வெட்டும் ஆபத்து குறைவு. ஒரு டஜன் பென்சில் சீவிய பிறகு அவள் கையே கோணத்தைக் கண்டுபிடித்துவிடும். அடுத்து கல்யாண முருங்கைக் குச்சி, வெட்பாலைக் குச்சி போன்ற மெது மரம் கொடுங்கள். மூங்கில் வேண்டாம், அது நாரோடு பிளந்து அலகை இழுத்துக்கொண்டு போகும்.

பிறகு மாங்காய்க்கு வரலாம். பலகையில் வைத்து முதலில் ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்கி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் உருளாது. புளிப்புப் பட்டதும் அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அவள் பயப்படக் கூடும், அழுக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். உடனே கழுவித் துடைத்தால் போதும், உப்பும் சாறும் அலகில் காயக் கூடாது. கைப்பையிலோ தோல் உறையிலோ வைத்துச் சேமிக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

விரலில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. காப்பித்தூள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள், புண்ணைச் சுத்தம் செய்வது டாக்டருக்குக் கஷ்டமாகும். காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மரத்திருந்தாலோ, மடக்க முடியவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பத்து வயதுக்கு டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி உண்டு. அவளுக்குப் போட்டாயிற்றா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை; வீட்டு உபயோகக் கத்திகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பைக்குள் அது போகவே கூடாது, இதில் தளர்வே வேண்டாம். விமானத்தில் கைப்பையில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள், ஏற்றிவிடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

அம்மாவின் தயக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இதே நம்பிக்கை இருக்கிறது, அதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். கத்தியைப் பெற்றுக்கொள்பவர் பதிலுக்கு ஒரு நாணயம் கொடுத்துவிடுவார். அது விலைக்கு வாங்கியதாகிவிடும். பிறந்தநாளன்று பாட்டி கையாலேயே கத்தியைக் கொடுக்கச் சொல்லுங்கள், பேத்தி ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஆகியும் சின்ன அலகு அசையவில்லையென்றால், ரிவெட் பகுதியை இரண்டு பக்கமும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை இடுக்கி வேண்டாம்.